கையெழுத்துக்கு முன் ஒரு பாடம்: ஆர்பிட்ரேஷன் வழக்கறிஞரைத் தேடுவது எப்படி?



சிறுதொழில் தொடங்கும் நம் இளைஞர்கள் சிலர் ஒப்பந்தத் தாளோடு வந்து, "அண்ணே, இதுல கையெழுத்து போடலாமா?" என்று கேட்பதுண்டு. நான் முதலில் ஒரு வரியைத்தான் தேடுவேன்: 'தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன் மூலம் தீர்க்கப்படும்.' சின்ன வரிதான். ஆனால் அதன் பிடி பெரிது.

சமரசப் பேச்சு வேறு, ஆர்பிட்ரேஷன் வேறு. சமரசத்தில் நடுவில் இருப்பவர் பேச உதவுவார். முடிவு சொல்ல மாட்டார். ஆர்பிட்ரேஷனில் நடுவர் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பே சொல்லிவிடுவார். மலேசியாவில் 2005ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டப்படி அது இருவரையும் கட்டுப்படுத்தும். உயர்நீதிமன்றம் வழியாக அதை நிறைவேற்றவும் முடியும். "எனக்குப் பிடிக்கல" என்று சொல்லித் தப்ப முடியாது. நியாயமாக வாதாட வாய்ப்பே தரவில்லை என்பது போன்ற சில காரணங்களுக்கு மட்டும் 90 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அதனால்தான் நல்ல வழக்கறிஞர் முக்கியம்.

வழக்கறிஞரைத் தேடும்போது இந்த நான்கையும் பாருங்கள்:

1. தொழில் நடத்தும் சான்றிதழ் இருக்கிறதா? தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர் மன்றத்தின் பெயர்ப் பட்டியலில் பார்க்கலாம்.

2. ஆர்பிட்ரேஷன் நடத்திய அனுபவம் உண்டா? உங்கள் துறையில், தீர்ப்பு வரை போனதுண்டா? கூச்சப்படாமல் கேளுங்கள்.

3. மொத்தச் செலவு எவ்வளவு? நீதிபதிக்கு நாம் சம்பளம் தருவதில்லை; நடுவருக்குத் தரவேண்டும். வழக்கறிஞர் கட்டணம், நடுவர் கட்டணம், அறை வாடகை எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

4. எதிர்த்தரப்போடு அவருக்குத் தொடர்பு உண்டா? உங்களுக்காக வாதாடுபவர் அவர், நடுவர் அவரல்ல. நடுவர் யார் பக்கமும் சாயக்கூடாது.

நடுவர் யார் என்பதில் இருவரும் ஒத்துப்போகாவிட்டால், கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக ஆர்பிட்ரேஷன் மையத்தை நாடலாம். 1978இல் தொடங்கிய மையம் அது. இப்போதைய பெயர் 2018இல் வந்தது.

சிறு தொகைக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. 5,000 ரிங்கிட் வரை தனிநபர்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாக, வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். கடைக்காரர் மீது பயனீட்டாளருக்குக் குறை என்றால், 50,000 ரிங்கிட் வரை பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது.

நண்பன்தானே என்று படிக்காமல் கையெழுத்து போடாதீர்கள். நட்பு நிலைக்க வேண்டும் என்றால், தகராறு வந்தால் என்ன செய்வோம் என்பதை முகம் மலர்ந்திருக்கும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

குழுவில் பேசிப் பார்க்க:

அ. திருமண மண்டப அலங்காரத்துக்கு ஒருவர் 4,000 ரிங்கிட் முன்பணம் கட்டினார்; வேலை நடக்கவில்லை. அவர் எங்கே போகலாம்?

ஆ. உள்நாட்டுத் தகராறில் எண்ணிக்கை எழுதாவிட்டால், சட்டப்படி ஒரே நடுவர். உங்கள் ஒப்பந்தம் 'மூன்று நடுவர்' என்கிறது. தகராறோ 30,000 ரிங்கிட்டுக்கு. கையெழுத்துக்கு முன் எதை மாற்றச் சொல்வீர்கள்?