641-இல் சிக்கிய எண்

கேள்வி: 4294967297 பகா எண்தானே? கால்குலேட்டரில் 2 முதல் 100 வரை வகுத்துப் பார்த்தேன், ஒன்றிலும் மீதியில்லாமல் வகுபடவில்லை.

பதில்: இல்லை. ஆனால் நீங்கள் வெட்கப்பட வேண்டாம், கணித மேதை ஃபெர்மாவே ஏமாந்த இடம் இது. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் வரும் இந்த எண்ணைப் பகா எண் என்றே 17-ஆம் நூற்றாண்டில் அவர் நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

நூறோடு நிறுத்தியதுதான் உங்கள் பிழை. அதற்காக 641 வரை ஒவ்வொன்றாக வகுக்கவும் தேவையில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் அகப்பட்டுவிடுவார்! இப்படி 2-இன் ஓர் அடுக்கோடு 1-ஐக் கூட்டி வரும் எண்களின் குடும்பத்தில் 65537-க்கு மேல் ஒரு பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை.