புளிக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை

மாசி, பங்குனி வந்தால் பென்னாகரம் பக்கத்தில் பல வீட்டுத் திண்ணைகளில் புளி தட்டும் சத்தம் கேட்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நாலு கொட்டையை உள்ளேயே விட்டு உருட்டி வைத்தால் எடை ஏறும். யாருக்கும் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளையைத் தவிர. பிள்ளையை விசுவாசத்தில் எப்படி வளர்ப்பது என்று ஞாயிறு பள்ளிக்கு வரும் தாய்மார் கேட்கும்போது, நான் முதலில் காட்டுவது இந்தக் கூடையைத்தான். வசனம் பிறகு வரட்டும், முதலில் கொட்டையை எடுங்கள்.

அடுத்து, "ஜெபம் பண்ணினாயா?" என்று கேட்பதை ஒரு மாதம் நிறுத்துங்கள். அந்த மாதம் முழுக்க நீங்கள் ஜெபியுங்கள், பிள்ளை கண்ணில் படுகிற இடத்தில். அடுப்புப் பற்றவைக்கும் முன் ஐந்து நிமிடம், தினமும் அதே பாயில். வாய்விட்டு ஜெபித்தால் இன்னும் நல்லது. தன் பரீட்சையும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் மூட்டுவலியும் அம்மா வாயிலிருந்து ஒரே மூச்சில் வருவதைக் கேட்கிற பிள்ளைக்கு, ஜெபம் என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பிறகு குடும்ப ஜெபம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் போதும். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரு சிறு பகுதி என்று பிள்ளையே வாசிக்கட்டும். தடுமாறினால் திருத்தாதீர்கள். பிரசங்கம் வேண்டாம், ஒரு கேள்வி கேட்டு முடியுங்கள். அவன் திருப்பிக் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியலப்பா, போதகரிடம் சேர்ந்து கேட்போம்" என்று சொல்லுங்கள். உபாகமம் 6-ஆம் அதிகாரம் வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசச் சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற வழியும் அதில் சேர்ந்ததுதான்.

அப்பா பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. அந்த அப்பா குறித்த நேரத்தில் போன் பண்ணி, பிள்ளை பேரைச் சொல்லி இரண்டு நிமிடம் ஜெபிக்கட்டும். சனிக்கிழமை ராத்திரி அசந்துபோய் வந்து இறங்குகிறவருக்கு ஞாயிறு காலையில் எழுவது கஷ்டம்தான். ஆனாலும் எழுந்து சட்டை மாட்டுகிற அப்பாவைப் பிள்ளை பார்க்கிறது.

இதையெல்லாம்விடக் கடினமானது மன்னிப்புக் கேட்பது. ஒரு தடவை நூறு ரூபாய் காணாமல் போனது. மகன்தான் எடுத்தான் என்று அடித்துவிட்டேன். சாயங்காலம் அரிசி டப்பாவில் கைவிட்டால் பணம் இருந்தது. வைத்தது நான்தான். அவன் எதிரில் உட்கார்ந்து, "தப்பு அம்மாவுடையது, மன்னிச்சிடு சாமி" என்றேன். அவன் கேட்கும்படியே ஆண்டவரிடமும் அதைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை, என் கையை மட்டும் தடவிக்கொண்டிருந்தான். சில வருடம் கழித்துத் தங்கையிடம் அவன் அதே வார்த்தையில் மன்னிப்புக் கேட்டதைச் சமையலறையிலிருந்து கேட்டேன். "மன்னிப்பு" என்று பத்து வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். அவன் கற்றது அந்தச் சாயங்காலத்தில்.

"பொய் சொன்னா ஏசப்பா கண்ணைக் குத்துவார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குழந்தைகளை அருகே அழைத்து அணைத்தவரை நாமே பூச்சாண்டி ஆக்கலாமா? ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில் போதகரைக் குறை பேசுவதையும் விடுங்கள். பக்கத்து வீட்டார் மாரியம்மன் பண்டிகைக்குக் கூழ் ஊற்றும்போது ஏளனமாக ஒரு சொல்கூட வேண்டாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடுதான் நம் பிள்ளை படிக்கிறது, விளையாடுகிறது.

பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1965 வரை தர்மபுரியும் கொல்லிமலையும் ஒரே சேலம் மாவட்டம். அந்த மலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்ட் தம்பதிக்கு 1914-இல் பிறந்தவர் பால் பிராண்ட். தொழுநோயைக் கண்டாலே ஊர் ஒதுங்கிய காலம். நோயாளிகள் வாசலுக்கு வந்தபோது தந்தையும் எச்சரிக்கையோடுதான் நெருங்கினார். ஆனாலும் புண்ணைக் கழுவிக் கட்டினார். சிறுவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்து போனான். 1929-இல் தந்தை காய்ச்சலில் இறந்துபோனார். ஆனால் 1946-இல் பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். தாய் 1974-இல் சாகும்வரை மலைவாசிகளை விடவில்லை. அந்தத் தந்தை பயப்படாதவர் அல்ல என்பதுதான் எனக்கு ஆறுதல்.

பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளை "நான் வரல" என்று முரண்டு பிடித்தால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சாப்பாட்டில் கோபத்தைக் காட்டாதீர்கள். குடும்ப ஜெபத்தை அதே நேரத்தில் நடத்துங்கள், அவன் பேரைச் சொல்லியே ஜெபியுங்கள். ஒரு நாள் கதவோரம் வந்து நின்றால் ஒன்றும் கேட்க வேண்டாம். கொஞ்சம் நகர்ந்து, பாயில் இடம் விடுங்கள்.