புல்வெட்டும் இயந்திரம்: விற்றதோடு வியாபாரம் முடிவதில்லை

ஹாட்வெயார் கடை நடத்தும் நமது சகோதரர்களில் அநேகர் புல்வெட்டும் இயந்திரத்தை விற்றுப் பணத்தை எண்ணியதும் கணக்கை மூடிவிடுகிறார்கள். உண்மையில் கணக்கு அங்கேதான் திறக்கிறது. இயந்திரம் வாங்க ஒருவர் சில வருடங்களுக்கு ஒரு முறைதான் வருவார். நைலோன் நூலும் பிளேட்டும் வாங்க மாதாமாதம் வருவார்.

2015 இல் கிளைபோசேற் களைநாசினிக்குத் தடை வந்தபோது தோட்டக்காரர் பலர் இந்த இயந்திரத்தின் பக்கம் திரும்பினர். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்து, 2022 இல் நீக்கப்பட்டது. ஆனாலும் வாங்கிய இயந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றுக்குச் சாமான் கொடுப்பவர் யார் என்பதே கேள்வி.

கடையில் இருக்கவேண்டியவை இவை:

1. நைலோன் தலை. வீட்டு வளவு, மதிலோரம், பாதையோரம் ஆகியவற்றின் இளம் புல்லுக்கு உகந்தது. 2.4, 3 மில்லிமீற்றர் நூல்கள் பொதுவாக ஓடும். நூலை வெயில் படாமல் வையுங்கள். காய்ந்த நூல் அடிக்கடி முறியும். அதை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் மீண்டும் இளகும். இதை வாடிக்கையாளருக்குச் சொல்லிப் பாருங்கள், மறுமுறையும் உங்களையே தேடி வருவார்.

2. மூன்று பல் பிளேட். முற்றிய இலுக்குப் புல், கினிப் புல் போன்றவற்றுக்கு.

3. நாற்பது, எண்பது பல் வட்டப் பிளேட். பற்றைக்கும் விரல் தடிப்பான குச்சிகளுக்கும்.

4. உயரக் கிளை வெட்டும் வாள், வேலி கத்தரிக்கும் கத்தி, மண் கிளறும் பாகம். தண்டு நடுவில் கழற்றிப் பூட்டக்கூடிய இயந்திரங்களுக்கே இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். ஆகவே அதிகம் வாங்கி அடுக்காமல், ஓடர் வந்தபின் எடுப்பது நல்லது.

திரும்பிவரும் சாமான்தான் இந்த வியாபாரத்தின் நட்டம். அதைத் தவிர்க்க, விற்கமுன் மூன்று அளவுகளைக் கேளுங்கள். குழாயின் வெளி விட்டம் 26 மில்லிமீற்றரா, 28 ஆ? உள்தண்டின் பற்கள் ஏழா, ஒன்பதா? பிளேட்டின் நடுத்துளை 25.4 மில்லிமீற்றரா, 20 ஆ? தெரியாவிட்டால் பழைய பாகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் பிளேட் பூட்டும் நட்டு இடப்புரி என்பதையும் கூறுங்கள். கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் அது கழலும். தெரியாதவர் எதிர்ப்பக்கம் முறுக்கிப் புரியைக் கெடுத்துவிட்டு, சாமான் தரமில்லை என்று உங்களிடமே வந்து நிற்பார்.

இனி மிக முக்கியமான விடயம். வளைந்த தண்டுள்ள சிறிய இயந்திரங்கள் பெரும்பாலும் நைலோன் நூலுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்கு இரும்பு பிளேட் கேட்டால், கைநூலில் அனுமதி உண்டா எனப் பார்க்காமல் கொடுக்கவேண்டாம். நேர்த் தண்டு இயந்திரத்துக்குக் கொடுக்கும்போதும் பிளேட்டுக்குரிய காப்பு மூடி, தோள்பட்டி, கண்ணாடி மூன்றையும் சேர்த்தே காட்டுங்கள். பிளேட் கல்லிலோ மரத்திலோ பட்டால் இயந்திரம் பக்கவாட்டில் எகிறும். வேலை நடக்கும் இடத்திலிருந்து 15 மீற்றருக்குள் எவரும் நிற்கக்கூடாது.

சங்கிலித் துண்டுகள் கோத்த தலை ஒன்றும் சந்தையில் மலிவாக வருகிறது. கல்லுக்கும் கட்டைக்கும் அஞ்சாது என்று சொல்லி விற்கிறார்கள். சுழலும் வேகத்தில் ஒரு கண்ணி அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பாகும். உயிரிழப்பு ஏற்பட்ட பின்னர், 2012 இல் ஐரோப்பிய ஆணைக்குழு இவ்வகைத் தலைகளின் விற்பனையைத் தடைசெய்யுமாறு தன் அங்கத்துவ நாடுகளுக்கு உத்தரவிட்டது.

"நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் கொடுப்பார்" என்று நினைக்கலாம். கொடுக்கட்டும். கூலிக்குப் புல்வெட்டும் ஓர் ஏழையின் காலோ, பாதையில் போகும் ஒரு பிள்ளையின் கண்ணோ பறிபோனால், அந்தச் சில நூறு ரூபா இலாபத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்த வாடிக்கையாளருக்கு வட்டப் பிளேட்டைக் காட்டுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். சாமானின் குறையைச் சொல்லி விற்கும் கடைக்கு ஆள் வருவது நிற்பதில்லை.