மணலில் தொடங்கும் கல்வி

நுழையும்முன்

'விளையாட்டுப்பிள்ளை' என்னும் சொல்லைப் பொறுப்பற்றவர் என்னும் பொருளிலேயே பெரும்பாலும் வழங்கி வருகிறோம். விளையாட்டும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகை என்னும் எண்ணம் அச்சொல்லில் ஒளிந்திருக்கிறது. குழந்தையின் முதற்கல்வியோ இயற்கையின் மடியில், விளையாட்டாகவே நிகழ்கிறது. சென்னையின் தென்பகுதியில் கடலோரம் அமைந்த பாலவாக்கத்தை முன்வைத்து அவ்வுண்மையை விளக்குகிறது இப்பாடம்.

சிற்றிலும் சிறுதேரும்

குழந்தையின் வளர்ச்சியை விளையாட்டைக் கொண்டு அளந்தவர்கள் தமிழர்கள். பிள்ளைத்தமிழ் இலக்கியம் பிள்ளைப்பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுகிறது. தலையசைத்தாடுவது செங்கீரை, கைகொட்டி மகிழ்வது சப்பாணி, நிலவை விளையாட அழைப்பது அம்புலி. ஆண்பாற்குரிய சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியனவும் பெண்பாற்குரிய அம்மானை, ஊசல் முதலியனவும் விளையாட்டின் பெயர்களே. நெய்தல் நிலப் பாடல்களில் மகளிர் மணலில் சிற்றில் இழைத்தும் நண்டுகளை ஓடச்செய்யும் அலவனாட்டு நிகழ்த்தியும் மகிழ்வதைக் காண்கிறோம். பாலவாக்கமும் அத்தகைய நெய்தல் நிலமே.

மணல் கற்பிக்கும் பாடம்

கடற்கரையில் வீடு கட்டும் குழந்தையைக் கூர்ந்து நோக்குவோம். உலர்ந்த மணலால் கட்டிய சுவர் நில்லாது சரிகிறது. சிறிது ஈரம் சேர்ந்ததும் நிற்கிறது. நீர் மிகுந்தால் மீண்டும் குழைந்து விழுகிறது. மணல் துகள்களுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசையே அவற்றைப் பிணைக்கிறது என்பதை அக்குழந்தை பிற்காலத்தில் இயற்பியல் வகுப்பில் அறியும். ஆனால் எவ்வளவு நீர் வேண்டும் என்பதை அதன் கைகள் முன்னரே அறிந்திருக்கும். முயல்வதும் தவறுவதும் திருத்துவதுமாகிய அறிவியல் நெறி அங்கே எவரும் சொல்லித் தராமலே கைவருகிறது.

பக்கவாட்டில் ஓடும் நண்டு, 'ஏன்?' என்னும் வினாவை எழுப்புகிறது. கால் மூட்டுகள் பக்கவாட்டில் மடங்குவதே அதற்குக் காரணம். மணல்மேட்டில் படரும் அடும்பங்கொடி, வேர்விட்டு மணலைக் காப்பதைக் காட்டுகிறது. சமனற்ற மணலில் ஓடும்போது கால்கள் உறுதிபெறுகின்றன. உடல் சமநிலை பழகுகிறது. இருவர் சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டும்போது பிணக்கு தோன்றுகிறது. பேச்சால் அது தீர்கிறது. விட்டுக்கொடுத்தலும் விதி வகுத்தலும் இவ்வாறே உருவாகின்றன.

அடையாற்றுக்கு வந்த அம்மையார்

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, பாலவாக்கத்துக்கு வடக்கே உள்ள அடையாற்றின் பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். குழந்தை தன் கைகளால் தொட்டும் செய்தும் கற்கிறது என்பது அவர்தம் கொள்கை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது இலை, பூச்சி, கல் என அங்குள்ள இயற்கையையே குழந்தைகளுக்குப் பாடப்பொருளாக்கினார். மருத்துவம் பயின்ற அவர், குழந்தை தானே விரும்பிச் செய்யும் செயலை வீண்பொழுதாகக் கருதவில்லை. அதனைக் குழந்தையின் உழைப்பாகவே மதித்தார்.

அறிதலிலிருந்து காத்தலுக்கு

சனவரித் திங்கள் முதல் இக்கடற்கரைக்கு ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் வந்து முட்டையிடுகின்றன. ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிப்படுகின்றன. மணலின் வெப்பமே அவை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. ஒளிமிக்க தொடுவானை நோக்கிச் செல்வது அவற்றின் இயல்பு. நகரின் மின்விளக்குகளோ அவற்றைச் சாலைப்பக்கம் திசைதிருப்பிவிடுகின்றன. 1988ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கின்றனர். அவர்கள் கடக்கும் வழியில் பாலவாக்கமும் உள்ளது. மணலில் விளையாடி அதனை அறிந்தவரே அதன் உயிர்களையும் உரிமையோடு காக்க முன்வருவர். முகமறியாத ஒன்றினிடத்தில் அன்பு தோன்றுவதில்லை.

சாலைக்கு இருபுறமும்

கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே மீனவர் குடியிருப்புகளில் வளரும் சிறார்க்குக் கடற்கரையே முற்றம். மேற்கே அடுக்ககங்களில் வாழும் சிறார் பலர்க்கோ அது விடுமுறை நாளில் பார்க்கும் காட்சி. நடுவே விரையும் ஊர்திகள் மட்டுமல்ல, மாலைநேரத் தனிப்பயிற்சியும் கைப்பேசியும் அவர்களைக் கடலிலிருந்து பிரிக்கின்றன. வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு மணலே மறுக்கப்படும் இல்லங்களும் உண்டு. அலையின் இழுப்பு இக்கரையில் கடுமையானது. ஆகவே பெரியோர் துணை இன்றியமையாதது. எனினும் துணையாக வர நேரமில்லை என்பது விளையாட்டைத் தடுக்கக் காரணமாகாது. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமையாக அறிவித்துள்ளது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது.

விளையாட்டு, படித்து முடித்தபின் வழங்கப்படும் பரிசன்று. படிப்பின் வேர் அது. வேருக்கு மண் வேண்டும். அம்மண்ணைக் குழந்தைகளுக்கு விட்டுவைப்பது வளர்ந்தோர் கடன்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் சிறுவர் விளையாடும் திறந்தவெளிகளைப் பட்டியலிட்டு, முதியோரிடம் கேட்டறிந்து அன்றைய நிலையோடு ஒப்பிடுக.

2. பல்லாங்குழி, பாண்டி, கிட்டிப்புள் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அது வளர்க்கும் திறன்கள் குறித்து வகுப்பில் உரையாற்றுக.