நம்மவர் யார்?



ஈன்ற மகவைத் தாய் மார்போடு அணைக்குங்கால் அவள் மூளையில் நிகழ்வது யாது? மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பை உண்டாக்குகின்றது. அது பிட்யூட்டரி வழியே குருதியிற் கலந்து முலைப்பாலைச் சுரந்தொழுகச் செய்கின்றது. மூளைக்குள்ளும் பரவித் தாய்சேய்ப் பிணைப்புக்குத் துணைநிற்கின்றது. கருப்பையைச் சுருக்கும் அதன் ஆற்றலை 1906-இல் ஆங்கில அறிஞர் ஹென்றி டேல் கண்டார். ஒன்பது அமினோ அமிலங்களாலாகிய அதனை 1953-இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய அமெரிக்கர் வின்சென்ட் டு விக்னோ, 1955-இல் நோபல் பரிசு பெற்றார். டோபமின், எண்டார்பின் முதலியனவும் இதனோடு கூடியே அன்பை விளைக்கின்றன. இச்சுரப்புகள் மாந்தர் அனைவருக்கும் பொது, இவற்றிற் சாதியில்லை.

அங்ஙனமாயின், ஒருவன் தன்னவரை அணைத்து அயலாரை விலக்குவதேன்? 2010-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆடவர் சிலரைக் குலுக்கல் முறையிற் சிறு குழுக்களாக்கி, ஒருசாரார்க்கு ஆக்ஸிடோசினை மூக்குவழிச் செலுத்திப் பணத்தைப் பங்கிடச் செய்தனர். அதனைப் பெற்றோர் தம் குழுவுக்கே மிகுதியும் நல்கினர். அக்குழுவோ சற்றுமுன் அமைந்தது! ஆகலின் பிணைப்புக்குத் துணையாவது சுரப்பு. 'நம்மவர்' யாரென வகுப்பது பழக்கம். பேத்தமங்களாவில் தேங்கிய பாலாற்று நீர் தங்கவயலை அடைந்தது, அத்திசையிற் குழாய் பதித்தமையாலன்றோ?

யான் நூற்பாலையில் உழைத்த நாளில், உடன் பணிசெய்த ஒருவர் என் செம்பில் நீர் பருகார். ஓரிரவு அவர் மயங்கி விழ, யானே நீர் புகட்டினேன். மறுநாள் அவர் நாணி ஒதுங்கினார். ஒரு திங்கள் கழிந்தபின்னரே, "அண்ணே, அந்தச் செம்பைக் கொடுங்கள்" என்றார். அவர் மூளைச் சுரப்பு முன்னும் அதுவே, பின்னும் அதுவே. பழக்கம் மாறுதற்கே ஒரு திங்கள் வேண்டியிருந்தது.

பழக்கம் மாறும் என்பதற்குச் சான்றுமுண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இரு வாரம் நாள்தோறும் அரைமணி கருணைப் பயிற்சி செய்தோர், அநீதிக்குள்ளான அறிமுகமற்றவர்க்கு மிகுதியும் ஈந்தனர். அவர்தம் மூளையின் செயலும் மாறியிருந்தது.

நம் மைத்திரி பாவனையும் இத்தகையதே. இன்றிரவு முதற்கண் நும் தாயை நினைமின், பின்னர் அண்டைவீட்டாரை, பின்னர் பெயரறியா வழிப்போக்கரை, இறுதியில் நும்மை இழிவுசெய்தவரை. இறுதிப்படியில் மனம் தயங்கும். தயங்கினும் விடாது, நாளையும் அமர்மின்.