போனில் தட்டினால் கம்ப்யூட்டர் கேட்கும்: நாமே எழுதலாம் ஒரு ரிமோட் சாப்ட்வேர்

கம்ப்யூட்டரை இயக்க வேண்டும் என்றால் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் எண்ணுகிறார்கள். அந்தக் கட்டாயம் இல்லை. கட்டிலில் படுத்தபடியே கம்ப்யூட்டரில் ஓடும் படத்தை நிறுத்தலாம். வகுப்பின் கடைசி வரிசையில் நின்று ஸ்லைடுகளை மாற்றலாம். கையில் உள்ள போன் போதும். இதற்கான சாப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள் என்பேன். உங்கள் கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும் உரிமையை யாருக்குத் தருகிறீர்கள் என்பது அப்போதுதான் புரியும்.

இந்த எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிராட் மையர்ஸ் குழுவினர் 1997-ல் பெபிள்ஸ் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். பாம்பைலட் என்ற கையடக்கக் கம்ப்யூட்டரின் சிறு திரையில் குச்சியால் கோடு இழுத்தால், டெஸ்க்டாப்பில் மவுஸின் அம்புக்குறி நகரும். ரிமோட் கமாண்டர் என்று அதற்குப் பெயர். அலுவலகக் கூட்டங்களில் பயன்படட்டும் என்று செய்ததுதான். ஆனால், தசைச் சிதைவு நோய் உள்ளவர்களுக்கு அது வேறு விதமாக உதவியது. அவர்களில் பலருக்குக் கையைத் தூக்கி கீபோர்டின் மேல் நகர்த்தும் வலிமை முதலில் போய்விடும். விரல்களின் சிறு அசைவு அதன் பிறகும் இருக்கும். உள்ளங்கை அளவுத் திரைக்கு அந்த அசைவு போதும். 2002-ல் இது பற்றி அந்தக் குழு ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டது. சோம்பேறிகளின் பொம்மை என்று இதை ஒதுக்குபவர்களுக்காகவே சொல்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். போன் நேரடியாகக் கம்ப்யூட்டரின் எந்தக் கீயையும் அழுத்துவதில்லை. அது ஒரு சொல்லை மட்டும் அனுப்புகிறது. கம்ப்யூட்டரில் காத்திருக்கும் புரோகிராம் அந்தச் சொல்லைக் கேட்டு, அதற்குரிய கீயைத் தானே அழுத்துகிறது. ஆகவே நாம் எழுத வேண்டியது பெரும்பாலும் கம்ப்யூட்டர் பக்கத்துக்குத்தான். போனில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அதில் உள்ள பிரவுசரே போதும்.

நான் பைதான் மொழியைத் தேர்ந்தெடுத்தேன். இலவசம், புதியவர்களுக்கும் எளிது. கேட்கும் வேலைக்கு பைதானிலேயே ஹெச்டிடிபி சர்வர் என்ற பகுதி இருக்கிறது. கீயை அழுத்தவும் மவுஸை நகர்த்தவும் பைஆட்டோஜியூஐ என்ற தொகுப்பைத் தனியே இன்ஸ்டால் செய்திட வேண்டும்.

போனும் கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு ரவுட்டர் தந்த முகவரி 192.168.1.5 என்றும், உங்கள் புரோகிராம் கேட்கும் போர்ட் எண் 8000 என்றும் வைத்துக்கொள்வோம். முகவரி என்பது வீட்டு எண். போர்ட் என்பது அந்த வீட்டின் பல கதவுகளில் ஒன்று. போனின் பிரவுசரில் 192.168.1.5:8000 என டைப் செய்தால், அந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்று பொருள். புரோகிராமைக் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கும்போது 127.0.0.1 என்ற முகவரியைப் பயன்படுத்துவார்கள். அது கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. புரோகிராமிலும் அதையே விட்டுவிட்டால் போன் எத்தனை முறை தட்டினாலும் பதில் வராது. முதல் முறை இயக்கும்போது விண்டோஸ் பயர்வால் அனுமதி கேட்கும். வீட்டு நெட்வொர்க்குக்கு, அதாவது பிரைவேட் என்பதற்கு மட்டும் அனுமதி தாருங்கள்.

அடுத்து, சொற்களின் பட்டியல். "நிறுத்து" என்று வந்தால் ஸ்பேஸ் பார், "அடுத்து" என்று வந்தால் வலது அம்புக்குறி கீ என வரிசையாக எழுதுங்கள். பட்டியலில் இல்லாத சொல் வந்தால் புரோகிராம் எதுவும் செய்யக் கூடாது. சிலர் எழுதும் வேலையைக் குறைக்க, போனிலிருந்து எது வந்தாலும் அதை அப்படியே விண்டோஸின் கமாண்ட் விண்டோவுக்கு அனுப்பிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிறகு உங்கள் பைல்களை அழிக்க ஒருவர் ஒரு வரி அனுப்பினால் போதும்.

போனில் தோன்றும் பட்டன்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிரவுசர் இரண்டு விதமாகக் கோரிக்கை அனுப்பும்: ஒரு பக்கத்தைக் கேட்டுப் பெற கெட், ஒரு செயலைச் செய்யச் சொல்ல போஸ்ட். கம்ப்யூட்டரை அணைக்கும் கட்டளையை கெட் முறையில், வெறும் லிங்க்காக வைத்தீர்கள் என்று கொள்ளுங்கள். மறுநாள் பிரவுசரைத் திறக்கும்போது அது பழைய பக்கத்தைத் தானாகவே மீண்டும் அழைக்கும். நீங்கள் எதையும் தொடாமலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடும்! கட்டளைகள் எல்லாம் போஸ்ட் முறையிலேயே போகட்டும்.

மவுஸை நகர்த்துவது சற்றுக் கடினம். விரல் எங்கே இருக்கிறது என்பதை அனுப்பாமல், எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் அனுப்ப வேண்டும். போன் திரையும் மானிட்டரும் ஒரே அளவில் இல்லையே! மேலும், பைஆட்டோஜியூஐ ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தானாகவே நிற்கும். இதனால் அம்புக்குறி தவளைபோல் தாவும். அந்த இடைவெளியைப் பூஜ்யமாக்கிவிட்டால் சரியாகிவிடும்.

கடைசியாக வைத்திருந்தாலும் முக்கியமானது பாதுகாப்பு. இதுவரை சொன்ன புரோகிராம், யார் கதவைத் தட்டினாலும் திறக்கும். உங்கள் வை-பை பாஸ்வேர்ட் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன் போதும். இதைக் கற்பனை என்று எண்ண வேண்டாம். 2016-ல் பாஸ்டில் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பல கம்பெனிகளின் வயர்லெஸ் மவுஸ்களை இணைக்கும் யுஎஸ்பி துண்டுக்கு 100 மீட்டர் தொலைவு வரை இருந்து பொய்யான கீ அழுத்தங்களை அனுப்பிக் காட்டினார்கள். மவுஸ்ஜாக் என்று இதற்குப் பெயரிட்டார்கள். அனுப்புவது யார் என்று அந்தத் துண்டு சரியாகச் சோதிக்கவில்லை. பெரிய கம்பெனிகளின் பொருளிலேயே இப்படி என்றால், நாம் எழுதுவதில் எவ்வளவு கவனம் வேண்டும்!

ஒவ்வொரு கட்டளையுடனும் ஒரு ரகசியச் சொல்லும் வர வேண்டும். பொருந்தாவிட்டால் புரோகிராம் வாய் திறக்கக் கூடாது. ரகசியச் சொல்லைப் பக்கத்திலேயே எழுதி வைக்காமல், போனில் நீங்களே டைப் செய்வதாக அமையுங்கள். பக்கத்திலேயே வைத்தால் சாவியைக் கதவில் தொங்கவிட்ட கதைதான். ஆனால் இந்தச் சொல் வை-பையில் மறைப்பு இல்லாமல் போகிறது. ஆகவே ஹாஸ்டல், ஓட்டல், அலுவலக வை-பையில் இதை இயக்க வேண்டாம். வெளியூரிலிருந்தும் இயக்கலாமே என்று ரவுட்டரில் இந்தப் போர்ட்டைத் திறந்தும் விடாதீர்கள். வெளி இணையத்துக்கு இந்த ஹெச்டிடிபி சர்வர் ஏற்றதல்ல என்று பைதான் தளமே எச்சரிக்கிறது.

புரோகிராம் தறிகெட்டு ஓடினால், மவுஸைத் திரையின் மேல் இடது மூலைக்குத் தள்ளுங்கள். பைஆட்டோஜியூஐ அதைக் கண்டு நின்றுவிடும். விண்டோஸ் பூட்டிய திரையிலும், அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும் கட்டத்திலும் உங்கள் போனின் கட்டளை பலிக்காது. அதைப் பிழை என்று எண்ணித் திருத்த முயல வேண்டாம். விண்டோஸ் வேண்டுமென்றே வைத்த தடை அது.