இந்தக் குட்டி எவ்வளவு வளரும்?

காணியைத் துப்புரவாக்கி, கொட்டில் போட்டு, மீண்டும் பயிர் வைக்கத் தொடங்கும் குடும்பங்கள் காவலுக்கு ஒரு நாய் தேடுவது வழக்கம். பன்றியும் குரங்கும் கட்டாக்காலி மாடும் வேலியைக் கண்டு திரும்பிப் போவதில்லை. இவ்வேளையில் "அல்சேஷன் குட்டி, பெரிதாக வளரும்" என்று யாராவது ஒன்றைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் கைக்குள் அடங்கும் அந்தக் குட்டி ஒன்றரை வருடத்தில் என்ன உருவம் எடுக்கும் என்பதை, அதை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்னரே நாம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அரிசியை அளந்து உலையில் போடும் வீட்டில் இது சிறிய விடயம் அல்ல.

வளர்ந்த ஊர் நாய் ஒன்றின் நிறை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி வேண்டும். 35 கிலோ நிறையுள்ள நாய்க்கு ஏறக்குறைய 1,600 கலோரி வேண்டும். அரிசியாகக் கணக்கிட்டால் இது சுமார் 450 கிராம். வயலில் வேலை செய்யும் ஒருவரின் ஒரு நாள் சோற்றுக்குச் சமம். வெறும் சோறு போதாது, மீனோ இறைச்சியோ சேரவேண்டும். இன்னொன்றும் உண்டு. வளரும் குட்டி தன் நிறைக்கு மிஞ்சிய உணவைக் கேட்கும். பெரிய இனக் குட்டி பாதி நிறையை அடையும்போதே வளர்ந்த நாயின் பங்கை ஏறக்குறைய முழுதாக உண்ணத் தொடங்கிவிடும். எனவே செலவு ஒரு வருடம் கழித்து வருவதல்ல, ஐந்தாம் மாதத்திலேயே வந்துவிடும்.

இனி, வளர்ச்சியை எப்படி முன்கூட்டி அறிவது? முதலில் தாயைப் பாருங்கள். இயலுமானால் தகப்பனையும் பாருங்கள். அல்சேஷன் என்பது ஜேர்மன் ஷெப்பேர்ட் இனத்துக்கு முதலாம் உலகப் போரின் பின் பிரித்தானியர் வழங்கிய பெயர். அசல் இனத்தில் கடுவன் 30 முதல் 40 கிலோ, பெட்டை 22 முதல் 32 கிலோ. எமது ஊர்களில் அந்தப் பெயரில் கைமாறும் குட்டிகளில் பல, ஊர் நாயுடன் கலந்தவை. கலப்புக் குட்டி பெரும்பாலும் தாய் தகப்பன் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் நிற்கும். ஆனாலும் ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றுபோல் வளரா. நாயின் உருவ அளவில் ஒரு சில பரம்பரை அலகுகளுக்கே பெரும் பங்கு உண்டு என்று 2007ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அவை எந்தக் குட்டிக்கு எப்படிப் பங்கிடப்பட்டன என்பது வெளியே தெரியாது. அதற்கு மேல், ஒரே ஈற்றில் இரண்டு கடுவன்களின் குட்டிகளும் இருக்கக்கூடும்.

பாதம் பெரிதென்றால் நாயும் பெரிதாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பாதத்தை மட்டும் பார்த்துக் கிலோக் கணக்குச் சொல்ல முடியாது.

நம்பக்கூடிய வழி வயதையும் நிறையையும் சேர்த்துப் பார்ப்பது. கொடுப்பவர் சொல்லும் வயதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், வாயைத் திறந்து பாருங்கள். ஊசிபோல் கூரிய பாற்பற்கள் எல்லாம் இருந்தால் குட்டிக்கு அநேகமாக இரண்டு மாதத்துக்கும் நான்கு மாதத்துக்கும் இடைப்பட்ட வயது. முன்னால் உள்ள வெட்டும் பற்கள் விழுந்து அகலமான புதிய பற்கள் வருகின்றன என்றால் ஏறக்குறைய நான்கு மாதம். வேட்டைப்பற்கள் மாறினால் ஐந்து, ஆறு மாதம். ஏழு மாதமளவில் 42 நிலையான பற்களும் முளைத்திருக்கும். "மூன்று மாதக் குட்டி, இப்போதே எவ்வளவு பெரிது பாருங்கள்" என்று காட்டப்படும் குட்டிக்கு வேட்டைப்பல் மாறியிருந்தால் அது பெரிய இனம் அல்ல, வயது கூடிய குட்டி.

நிறுப்பதற்குக் குட்டியைச் சாக்கில் இட்டு விற்றராசில் தொங்கவிடலாம். அல்லது அதைத் தூக்கியபடி தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழிக்கலாம். பெரிய இன நாய்கள் ஐந்து மாதமளவில் வளர்ந்த நிறையின் பாதியை அல்லது சற்றுக் கூடுதலாக எட்டுகின்றன. ஆகவே ஐந்து மாதப் பெட்டைக் குட்டி 13 கிலோ என்றால் 24 முதல் 26 கிலோ வரை எதிர்பார்க்கலாம். நிறையை வாரங்களால் பிரித்து 52ஆல் பெருக்கும் கணக்கு ஒன்றும் வழக்கில் உண்டு. குட்டி வருடம் முழுவதும் ஒரே வேகத்தில் வளரும் என்று அது கொள்கிறது. உண்மையில் ஆறு மாதத்தின் பின் வேகம் தணிவதால் அக்கணக்கு மிகை காட்டும். மேற்சொன்ன குட்டிக்கு அது 30 கிலோவைத் தாண்டும்!

பூச்சி பிடித்து வயிறு ஊதி, விலா எலும்பு தெரியும் குட்டியை நிறுத்துக் கணக்குப் போடுவதில் பயனில்லை. பூச்சி மருந்து கொடுத்து, சில வாரம் உணவூட்டிய பின் நிறுக்க வேண்டும். குட்டியின் வட்டப்புழு சிறுவர்களுக்கும் தொற்றும் என்பதால் மருந்தைப் பிந்தவிடக் கூடாது.

நிறையக் கொடுத்தால் நாய் இன்னும் பெரிதாகும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. பரம்பரை விதித்த அளவை மீறி உணவு எலும்பை நீட்டாது. அந்த அளவை விரைவில் எட்டவைக்கும், அவ்வளவே. பெரிய இனத்துக்கு அந்த விரைவுதான் ஆபத்து. எலும்பு முற்றும் முன் உடல் பாரம் கூடினால் மூட்டும் இடுப்பும் கெடும். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மற்றதைவிட 25 வீதம் குறைத்து உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வாதமும் பிந்தியே வந்தது. இது பட்டினி போடச் சொல்வதல்ல. விலாவைத் தடவினால் எலும்பு கையில் பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. கல்சியம் மாத்திரையை உங்கள் எண்ணப்படி கொடுக்கவே வேண்டாம். இளங்குட்டியின் குடல் மிகுதியான கல்சியத்தைத் தடுக்க அறியாது. அது எலும்பைக் கோணவைக்கும். மிருக வைத்தியர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

கணக்கு 35 கிலோ என்று வந்து, வீட்டில் அதற்கு வழியில்லை என்றால் ஊர்க்குட்டி ஒன்றை எடுப்பதே மேல் என்பது எமது கருத்து. பன்றி வருவதை முதலில் அறிவிப்பது குரைப்புத்தான். அதற்கு 15 கிலோ போதும். பாதி வளர்ந்த பெரிய நாயை உணவில்லாமல் சந்தியில் விட்டால், அது பசியோடு அயலவரின் கோழியைத் தேடிப் போகும்.

எடுத்து வளர்ப்பவர்கள் கழுத்துப் பட்டியை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். பத்து மாதமளவில் உயரம் பெரும்பாலும் நின்றுவிடும், ஆனால் கழுத்தும் மார்பும் ஒன்றரை வருடம் வரை பருக்கும். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழையாவிட்டால் அன்றே தளர்த்திவிடுங்கள்.